அரைப் புள்ளி

மருந்தா மாவா என்று
இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாது.
உறையில் என் பெயர்கூட இல்லை,
ஏழு இலக்கம் மட்டும்.
கிருஷ்ணகிரியில் நாலரை மணி பஸ்.
அத்திப்பள்ளி தாண்டினால் நெரிசல்.
பெங்களூர் ஆஸ்பத்திரி நடையில்
தரையோடு ஒட்டிய மஞ்சள் நாடா,
இங்கிருந்து அங்கே இருபத்தைந்து அடி.
"நடங்க" என்பார் ரெஜினா சிஸ்டர்,
கடிகாரத்தை அழுத்தியபடி.
பிறகு ஒன்பது குச்சி, ஒன்பது துளை,
வலக்கை, இடக்கை.
கடைசியில் டாக்டர் ஒரு எண் எழுதுவார்.
மூன்றரை.
அடுத்த தடவையும் மூன்றரை.

எனக்கு எண்கள் புதிதில்லை.
மாங்கூழ் ஆலையில் பதினோரு வருஷமாக
ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து
இனிப்பு எத்தனை டிகிரி என்று வாசிப்பவள்.
ஒவ்வொரு லாட்டிலும் ஒரு டப்பாவை
விற்காமல் அலமாரியில் வைப்போம்.
சும்மா விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல
ஒரு டப்பா வேண்டும்.

போன ஆடியில் போன் வந்தது.
அந்த டப்பா நான்தான்.

தேவராஜுக்குத்தான் ஆத்திரம்.
டோல்கேட் பக்கம் பஞ்சர் கடையில்
"புது மருந்து நாகவேணியை நிறுத்தி வச்சிருக்கு" என்று
லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார்.
ஏமாத்திட்டாங்க என்றார்.
இல்லை.
பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று
தாளில் தமிழில்தான் இருந்தது.
வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மருந்து தோற்றுவிட்டதாம்.
அது மோசமில்லை, டாக்டர் சொன்னார்,
நீங்கள் போதுமான அளவு மோசமாகவில்லை.
முன்பெல்லாம் வெறும் மாத்திரைக்காரர்கள்
வேகமாகச் சரிந்தார்கள்.
இப்போது சரிவதில்லை.
ஏன் என்றேன்.
சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்றார்,
மோசமானவர்கள் நிஜ மருந்துக்குப் போய்விடுகிறார்கள் என்றார்,
மோசம் என்பதன் கணக்கே மாறியிருக்கிறது என்றார்,
பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று வரிசையில் எனக்கு முன்னால்
சக்கர நாற்காலியில் குர்ஷித் அக்கா,
காவேரிப்பட்டணம்.
பதினெட்டு வருஷம் முன்பு
அவரும் இப்படியொரு சோதனையில்
மாவு தின்றவர்.
ஒற்றைக் கோலோடு போய்
இரட்டைக் கோலோடு வந்தார்.
அதற்கும் முன்னால் ஆறு வருஷம்
நரம்புத் தளர்ச்சி என்று டானிக் குடித்தாராம்.
எனக்கு மரத்துப்போன பத்தாம் நாளே
ரவுண்டானா பக்கத்து ஸ்கேன் சென்டரில்
மூளையில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிவிட்டார்கள்.
"என் காய் பழுத்து அழுகின பிறகு பார்த்தாங்க,
உன் காய் பிஞ்சுல" என்றார் அக்கா.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆலையின் பழைய ரிஜிஸ்டரை அன்றிரவு நினைத்தேன்.
அந்தக் காலத்து டப்பா ஒன்பதாம் மாதமே கறுத்துவிடும்.
இப்போதையது இரண்டு வருஷம் தாங்குகிறது.
நாங்கள் அதற்கு எதுவும் செய்யவில்லை;
பறிக்கும் நாள் மாறியது, தகரம் மாறியது.
அந்த டப்பாவைக் காட்டி இந்தக் கூழை எடை போட்டால்
பொய்தான் வரும்.

ஒன்று மட்டும் டாக்டர் கேட்கவில்லை.
மே மாதம், சீசன் உச்சத்தில்,
கொதிகலன் பக்கம் போனால்
இடதுகால் எனக்குச் சொந்தமில்லை.
எடைமேடையிலிருந்து லேப் வரை
சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.
ஒரு மே மாதம் நாலு என்று எழுதினார்.
ஆகஸ்டில் மறுபடி மூன்றரை.
கூடிய அரைப் புள்ளி கணக்கில் வராது.
என் அளவுக்கு ஒரு முழுப் புள்ளி ஏற வேண்டும்,
ஏறி மூன்று மாதம் நிற்க வேண்டும்.
அக்காவின் இடத்தில் அரையே போதும்.
ரவிக்கைக் கொக்கி போட
இப்போது மகள் வருகிறாள்.
அதற்கு எந்தத் துளையும் இல்லை அந்தப் பலகையில்.

நேற்று ரெஜினா சிஸ்டர் கூப்பிட்டார்.
புதுச் சோதனை. இம்முறை இரட்டிப்புப் பேர் வேண்டுமாம்,
யாரும் சரிவதில்லையே.
பஸ் சார்ஜ் உண்டா என்றேன். உண்டு.
மே மாதம் மட்டும் வேண்டாம் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
மே மாதமும் வேணும் நாகவேணி, என்றார்.